மிஞ்சின ஆணி

கடவுச்சொல் மறந்துபோச்சு என்று
உரத்துத்தான் சொல்லுவார்கள்.
சுன்னாகம் சந்தை மேல்மாடியில்
மீன்காரர் கூவல் ஏறிவருகிற என் கடைக்குள்
அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.
"சரி, பயனர்பெயர் என்ன?" என்று கேட்டால்தான்
குரல் இறங்கும்.
பின்னால் ஆர் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.
சிலர் துண்டுக் கடதாசி கேட்டு
எழுதித் தருவார்கள்.

'வௌவால்' என்று எழுதித் தந்தவர் கிராம அலுவலர்.
ஊரெழுவில் அவர் வீட்டுக்குள் சிக்னல் வராது.
இரவு பத்துக்குப் பிறகு மதில்,
மதிலிலிருந்து மாமரம்,
மாமரத்தில் இரண்டாம் கொப்பு.
"மனிசிக்குத் தெரியும், சனத்துக்குத் தெரியாது."
அவர் படியிறங்கி முடியும்வரை
நான் சிரிக்கவில்லை.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரித் தாதி யதுர்சிகா
'கட்டில்17'.
செத்துப்போன ஆரோ என்று நினைத்தேன்.
"இல்லையக்கா. துண்டு வெட்ட முதலே
எழும்பிப் போன மனிசன்.
என்ர பேனையையும் கொண்டுபோட்டார்.
இருக்கிறாரோ தெரியாது.
நல்ல பேனை."

ரிஸ்மியின் பெயர் 'ஐந்துசந்தி90'.
தொண்ணூறில் பிறந்தவன் என்று
வேலைக்கு எடுத்த கம்பனியே நம்பியதாம்.
பிறந்தது தொண்ணூற்றாறில், புத்தளத்தில்,
கிடுகுக் கூரைக்குக் கீழே.
அந்தப் பெயரைப் பதிந்த நாளில்
ஐந்துசந்தியை அவன் கண்டதே இல்லை.
வாப்பா சொன்ன கடைகளின் வரிசை மட்டும் பாடம்.
இப்போது அங்கேதான் இருக்கிறான்.
வரிசை முழுக்கப் பிழை என்கிறான்.
"அப்ப தொண்ணூறு?"
"எங்கட ஆக்கள் போன வருஷம்"
என்றுவிட்டு சார்ஜர் என்ன விலை என்றான்.
அந்த வருஷம் என் அப்பாவுக்குப்
பெரியகடையில் வேலை.
எல்லாம் பார்த்திருப்பார்.
அதை நான் சொல்லவில்லை.
ஐம்பது ரூபா குறைத்தேன்.

என்னுடையதைக் கேட்பவர் குறைவு.
முதன்முதல் நான் கழற்றிப் பூட்டியது
சித்தப்பாவின் போன்.
ஒளிர்ந்தது, மணியடித்தது, எல்லாம் சரி,
மேசையில் ஒரு திருகாணி மிச்சம்.
எங்கேயிருந்து கழன்றதென்று இன்றுவரை தெரியாது.
போன் பிறகும் ஆறு வருஷம் வேலை செய்தது.
தர்மிலாவை ஆரோ எடுத்திருந்தார்கள்,
தர்மிலா1ஐயும் எடுத்திருந்தார்கள்.
'மிஞ்சினஆணி' ஒருத்தருக்கும் வேண்டாமல் கிடந்தது.

நேற்று மழைக்குள் அருள்நேசன் ஐயா வந்தார்,
மின்சாரசபையில் பென்சன் எடுத்தவர்.
செஸ் விளையாடுகிற கணக்கு பூட்டுப்பட்டுவிட்டது.
'சைக்கிள்4417'.
திறக்க ஒரு கேள்வி கேட்டது:
உங்கள் முதல் வாகனம் எது?
"சைக்கிள்தான்."
"பிழை எண்டு காட்டுது ஐயா."
"ஓம். பிழைதான். அது என்ர இல்லை."

தொண்ணூற்றைந்து ஐப்பசி,
நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
அசையாத சனம், மழை,
நடக்க ஏலாத தாய்.
முன்பின் தெரியாத ஒருவர்
தன் சைக்கிளைச் சரித்துப் பிடித்தாராம்:
"ஏத்துங்கோ. சாவகச்சேரியிலை வந்து வாங்கிறன்."
ஒரு கிழமை சாவகச்சேரிச் சந்தையடியில் நின்றார்.
இருட்டிலே கண்ட முகம்.
தகட்டில் இருந்த இலக்கம்தான் தெளிவு.
"சைக்கிள் கறள் பிடிச்சுப் போச்சு, பிள்ளை.
நம்பருக்குக் கறள் பிடிக்கேல்லை.
பிரேசில்காரனும் விளையாட வாறான்.
ஆரோ ஒருத்தன் அந்த நம்பரைக் கண்டு
காய் நகர்த்தாமல் யோசிப்பான்தானே?"

புதுப் பெயரில் புதுக் கணக்கு,
ஐந்து நிமிஷ வேலை என்றேன்.
இரவல் வாங்கிய சாமானுக்கு
நான் விலை பேசியதுபோலப் பார்த்துவிட்டு
குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

கடை பூட்டுமுன் இன்னும் இரண்டு தரம் முயன்றேன்.
'இல்லை' என்று அடித்தேன்.
'இரவல்' என்று அடித்தேன்.
நாளைவரை பூட்டு.
கீழே மீன் பலகைகளை
வாளி வாளியாகக் கழுவினார்கள்.

அது றலியோ ஹம்பரோ என்று
கேட்க மறந்துபோனேன்.