அசையக்கூடாது

உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று
எல்லாரையும் கேட்பதுபோல்தான் கேட்டேன்.
"இருந்துச்சு. தராசு. வித்துட்டேன்."
படிவத்தில் இல்லை என்று எழுதினேன்.

ஆறுச்சாமி, அறுபத்தாறு,
வேலந்தாவளம் தக்காளி மண்டி.
பாலக்காட்டுக்குக் கூட்டிவந்தவர் மனைவி விலாசினி.
அவர் மடியில் ஒரு மஞ்சப்பை,
அதற்குள் மோதிரம், அரைஞாண், பல்செட்டு.

ஒரே லோடுக்கு மூன்று தடவை பணம் கொடுத்தாராம்.
போன வாரம் செக்போஸ்ட் தாண்டி
வீட்டு வாசலிலேயே பஸ் நின்றும்
இறங்காமல் உட்கார்ந்திருந்தாராம்.
விலாசினி மலையாளத்தில் சொல்லச் சொல்ல
இவர் தமிழில் "பொய்" என்றார்.
முப்பத்தாறு வருஷமாய் இருவரும் பேசிக்கொண்டது மலையாளம்.
சித்திரைக்குப் பிறகு அது இவர் வாயில் வரவில்லை.

குழாய்க்குள் அனுப்பினேன்.
கையில் ரப்பர் பந்து, பயம் வந்தால் அமுக்க.
இயந்திரம் தட்டத் தொடங்கியது.
அமுக்கவில்லை. ஆனால் படமெல்லாம் புகை.
மைக்கைத் திறந்தால்
லாபம், ரெண்டு, மூணு, நாலு,
தட்டுக்கு ஒரு பெட்டி இறக்கிக்கொண்டிருக்கிறார்.

நூற்றுப் பதினேழு வரை தடுமாறவில்லை.
"கண்டோ, கணக்கு தெற்றியில்லல்லோ!"
விலாசினி என் தோளைப் பிடித்தார்.
டாக்டர் சொல்வார் என்றேன்.
அந்த வாக்கியம் எனக்கு மூன்று மொழியில் பழக்கம்.

எண்ணாதீங்க ஐயா, தாடை அசையுது.
"எண்ணாம எப்படிம்மா லோடு இறக்க?"

எது இன்னும் கெடவில்லையோ
அதை நிறுத்தினால்தான்
எது கெட்டதென்று தெரியும்.

நான் எண்ணுறேன், நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க.
ஒண்ணு, என்றேன்.
"லாபம்!"
குழாய் அதட்டியது.
மறுபடி புகை.

மூன்றாம் தடவை விலாசினி மைக்கை வாங்கிக்கொண்டார்.
லாபம், ரண்டு, மூந்நு, நாலு, அஞ்சு,
முதல் எண் மட்டும் மண்டித் தமிழ்.
முந்நூறு தாண்டிப் போனார்,
நடுவில் ஒருமுறை எச்சில் விழுங்கினார்.
ஆறுச்சாமி கல்லாய்க் கிடந்தார்.

திரையில் குறுக்குவெட்டுகள் வந்தன.
இரு பக்கமும் ஒரு சுருள்,
எங்கள் படிப்பில் கடல்குதிரை என்பார்கள்.
இவர் கடல் பார்த்திருக்கிறாரா, கேட்கவில்லை.
வலது பரவாயில்லை.
இடது,
பெட்டிக்குள் பழம் வாடிச்
சுற்றிலும் இடம் விட்டதுபோல்.

விலாசினி பில் கட்டப் போன நேரத்தில்
எழுந்து உட்கார்ந்தவர் கேட்டார்:
"யாரு அந்தம்மா? எண்ணம் சுத்தமா இருக்கு.
நம்ம மண்டிக்கு வருவாங்களான்னு கேளு."

திரும்பி வந்தவர் கேட்டார், "எந்தா பறஞ்ஞே?"

எண்ணம் சுத்தமாயிருந்நு எந்நு, என்றேன்.

பாதியைத்தான் சொன்னேன்.
அவர் சிரித்துப் பல்செட்டை முந்தானையில் துடைத்து
கணவரிடம் நீட்டினார்.

அசைவு: இல்லை.
குறித்து, எர்ணாகுளத்துக்கு அனுப்பினேன்.
அடுத்தது ஒரு முழங்கால்.