ஜாக்குக்கு அடியில்

லிவா மணலில் ஜாக்கு
வண்டியைத் தூக்கவில்லை;
அழுத்த அழுத்தத் தானே உள்ளே போனது.
டயர்க் காற்றைப் பன்னிரண்டுக்கு இறக்கியும்
லேண்ட் குரூசர் அசையவில்லை.

மறுவாரம் முசாஃபா ஷெட்டில்
மெஸ்ஸின் பரோட்டாக் கல்லைக் கவிழ்த்து
முதுகில் நாலு ஆங்கிள் துண்டு வெல்டிங் வைத்தேன்,
ஜாக்கின் பாதத்துக்கு அளவெடுத்து.
யாரிடமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. அதே சரிவு.
இரண்டரை டன் முனகிக்கொண்டே எழுந்தது.
அர்பாப் கல்ஃபான் குனிந்து பார்த்து
இது எந்தக் கம்பெனி என்றார்.
செங்கோட்டை என்றேன்.

ராத்திரியே கழுவி வைத்துவிட்டேன்.

காலையில் மரியசூசை மாவு ஊற்ற
அடுப்பில் கல் ஆடியது.
தோசை ஒருபக்கமாய்ச் சறுக்கி
விளிம்பில் புதைந்து நின்றது.

அவர் கல்லைத் திருப்பிப் பார்ப்பதற்குள்
நான் டூட்டிக்குக் கிளம்பியிருந்தேன்.