மாசுவை வகை

காலை ஒன்பதரைக்கு நான்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதுக்குப் போவேன்.
காரைக்குடிப் பேருந்தில் நெற்குப்பை இறங்கி
இரண்டாங்கட்டில் பேன்ட்டை மடித்து வைத்துவிட்டு
நாலு முழ வேட்டி. தலை ஏற்கெனவே மழித்தது,
அதற்கு மாதம் ஐந்நூறு கூடுதல்.
பெயர் சோலையப்பன். பேகுக் கடையில் அடுத்தாள்,
மூன்று வருஷக் கணக்கு முடித்து
ஊர் வந்திருக்கிறேன்.
சம்பளம் மட்டும் இந்த வருஷத்தது.

உயிருள்ள அருங்காட்சியகம் என்கிறார்கள் இந்த வளவை.
விதி ஒன்றுதான்:
எனக்கு 1930 தெரியாது.

தூண் தேக்கு எந்தக் கப்பலில் வந்தது?
சுவரில் முட்டை வெள்ளைக்கருவா?
டாய்லெட் எங்கே?
கடைசிக் கேள்விக்கு மட்டும்
வருஷத்தை விட்டு வெளியே வரலாம்.

மற்ற நேரம் சம்மணமிட்டு
சாய்வுப் பெட்டியில் பேரேடு எழுதுகிறேன்,
மையில் தொட்டு, பார்க்கிறவர்களுக்காக.
பயிற்சியில் யாரும் இதைச் சொல்லவில்லை:
பதினோராம் வரியில் இடது கால் மரத்துப்போகும்.
உடம்பு வலப்பக்கம் சாயும், எழுத்தும் கூடவே.
கண்ணாடிக்குள் இருக்கும் அசல் பேரேட்டிலும்
பதினோராம் வரியிலிருந்துதான் சாய்கிறது.
அன்று முதல் அந்த மனிதரின் கால் எனக்குத் தெரியும்.
முகம் தெரியாது.

அறுபத்திரண்டாம் பக்கம், பன்னிரண்டாம் வரி:
மாசுவை வகைக்கு ஏக்கர் பதினாலே முக்கால்.
மாந்தோப்பு, என்பேன்.
சுவைக்காகவே வைத்த பெயர் பாருங்கள், என்பேன்.
ஒரு பள்ளிக்கூடமே எச்சில் விழுங்கியது.
மதுரைப் பேராசிரியர் ஒருவர்
மா என்பது நில அளவாகவும் இருக்கலாமே என்றார்.
அவரையும் மாம்பழத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
மூன்று வருஷம். கையேட்டிலும் அச்சாகிவிட்டது.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை
ரங்கூனிலிருந்து ஓர் அம்மாள்.
தமிழ், பக்கத்து வீட்டில் கற்றதாம்.
இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.
"மா," என்றாள். கொஞ்சம் மூச்சு விட்டு,
"ஷ்வே."
மா என்பது பெண் பெயருக்கு முன்னால் வைப்பது.
ஷ்வே, பொன்.

தோப்பு இருந்த இடத்தில்
ஒருத்தி நின்றாள்.

"நிலம் அவளுக்குத் திரும்பக் கிடைத்ததா?"
விதிப்படி சொன்னேன்:
தவணை இன்னும் வரலை ஆச்சி.
வர்ற தைக்குத்தான்.
அவள் விரல்விட்டு எண்ணினாள்,
வருகிற தை எந்த வருஷம் என்று.
எண்ணி முடித்து
என் மழித்த தலையைப் பார்த்தாள்.

அன்று கதவடைத்த பிறகு
வெற்றுத் தாளில் அந்தப் பக்கத்தை
முதல் வரியிலிருந்து எழுதிப் பார்த்தேன்.
பன்னிரண்டில் மாசுவே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.
கால் மரத்திருந்தது, கை சரிந்தது,
கொம்பில் ஒரு சுழி கூடிப்போய்
வே, வை ஆனது.

நானே வேண்டுமென்று வளைத்தேனோ
என்று சந்தேகம். மறுபடி எழுதினேன்.
எட்டுத் தாள்.
ஐந்தில் தோப்பு முளைத்தது.
மூன்றில் இல்லை.

எட்டையும் மேலாளர் மேசையில் வைத்தேன்.
மாந்தோப்பு ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே தம்பி, என்றார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு,
அடுத்த பதிப்பில் பார்க்கலாம், என்றார்.

அவரும் தவணைதான் சொல்கிறார்.