சங்கிலியில் சிக்கிய பச்சை

மூன்று நாளுக்கென்று வாங்கிப்போன வண்டியை
ஐந்தாம் நாள் ராத்திரி
சுவரோரம் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டான் தண்டபாணி.
அதன் நிறம் சிவப்பு.
எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் தெரிந்தது.

விடிந்தால் மோல்மேன் முழுக்க மின்சாரம் இல்லை.
தையல் மெஷினின் மோட்டார் தூங்குகிறது.
மழை மட்டும் இரவெல்லாம் வேலைபார்த்து
இரண்டு ஜாடி நிரப்பிவைத்திருக்கிறது.
சரி, வா என்று வண்டியை முற்றத்துக்குத் தள்ளினேன்.
பழைய பல்துலக்கி, டப்பாவில் டீசல்,
சலவைத்தூள், தேங்காய் நார்,
கிழிந்த கைலியில் பாதி.

முதலில் ஊறவிட வேண்டும்.
அவசரப்பட்டால் மண்ணே பெயிண்டைக் கீறும்.
வாங்கிய முதல் வாரமே
டாங்கியைக் கீறிக் கற்றுக்கொண்டவள் நான்.

மட்கார்டின் அடியில் மண், அடுக்கடுக்காக.
வெளியே கறுப்பு: நம் தெருமுனைச் சாக்கடை.
அதற்குள் சிவப்பு: மூடோன் ரப்பர்த் தோட்டம்.
அங்கே வேலை என்றுதான் சொல்லிப்போனான்.
அதற்கும் உள்ளே
நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது வெள்ளை.
சுண்ணாம்புக் குன்றுப் பக்கத்துச் சாலை.
அங்கே நமக்கு யாரும் இல்லை.

முப்பத்தாறு கம்பி ஒரு சக்கரத்துக்கு.
எண்ணிக்கொண்டே துடைத்தேன்,
இருபதுக்கு மேல் கணக்கு விட்டுப்போயிற்று.
வேலிக்கு அந்தப்புறம் குடையோடு டோ டின் மியா:
"மாப்பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டார்களே!"
சிரித்தேன். டீசல் உதட்டில் தெறித்தது.

பின்பல்சக்கரத்தில் ஏதோ சுற்றியிருக்கிறது.
குறடால் இழுத்தேன்.
நாலு விரல் நீளத் துணி,
கிரீஸில் ஊறிக் கறுத்தது.
சோப்பில் இரண்டு கசக்கு.
பச்சை.

பள்ளிக்கூடத்துப் பச்சை.
ஜூன் மாதம் முழுக்க என் விரலில் ஒட்டியிருந்த சாயம்.
பிள்ளைகளுக்கு முரட்டுத் துணி; இது வழவழப்பு,
டீச்சர்கள் கொண்டுவந்தது.
மடிப்பில் இரட்டைத் தையல், முடிவில் ஒரு பின்தையல்.
இந்தத் தெருவில் அப்படி அடிப்பது நான்தான்.
கூலி கூடக் கேட்பதும் அதனால்தான்.

கை துடைத்து அளவு நோட்டை எடுத்தேன்.
நான்கு டீச்சர்கள்.
இருவருக்கு முழங்கால் வலி, மூன்றாமவளுக்குச் சொந்த வண்டி.
மிச்சம்: மி சான். இடுப்பு இருபத்தாறு, நீளம் முப்பத்தொன்பது.
'கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும், அக்கா' என்றாள்.
மற்றதெல்லாம் பர்மியில். அக்கா மட்டும் தமிழில்.
யார் சொல்லிக்கொடுத்தது என்று
அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒருக்களித்து உட்கார்ந்திருப்பாள்.
கேட் வருவதற்கு முன்பே இறங்கிக்
குடையை விரித்து நடந்திருப்பாளோ,
ஏறும் அவசரத்தில்தான் விளிம்பு உள்ளே போயிற்றோ.
இழுபட்டபோது கத்தியிருப்பாள்.
கணுக்கால்?
வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ரத்தம் இல்லை.
அதற்குப் பிறகுதான் கோபப்பட நேரம் கிடைத்தது.
அதற்குள் கோபம் போய்விட்டது.

பத்து மணிக்கு எழுந்துவந்தான்.
"அட, புதுசாட்டம் இருக்கே!
தோட்டத்துல ஒரே சேறுக்கா."
"ம்" என்றேன்.

துணிக் கத்தரியால் தகரம் வெட்டக் கூடாது.
பாமாயில் டின்னை வெட்டினேன்.
ஓரத்தை மடித்துத் தட்டி, சங்கிலிக்கு மேல்
இரண்டு திருகாணியில் முறுக்கினேன்.
பழைய மூடி போன வருஷமே கழன்று விழுந்தது;
போட வேண்டும் போட வேண்டும் என்று இருந்தது.
"இது எதுக்குக்கா?" என்றான்.
"மழைக்கு" என்றேன்.

கத்தரியில் இப்போது ஒரு பல் விழுந்திருக்கிறது.
பச்சையில் இன்னும் ஒன்றரை கெஜம் மிச்சம்.
நோட்டைத் திறந்து
முப்பத்தொன்பதை அடித்துவிட்டு
முப்பத்தெட்டு என்று எழுதினேன்.