தலைப்பாகைகளை எண்ணும் மேசை

பீல் நகரில், மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
நான்கு பாகைக் குளிரில் கிடக்கும் குருதிப் பைகளுக்கு
இரவுக் காவல் நான்.
மேலே யார் பிறக்கிறார், யார் அழுகிறார், தெரியாது.
குழாய் வரும். பெயர் வரும். பிறந்த தேதி வரும்.

அந்த வியாழன், மூன்று மணிக்குச் சற்று முன்
பாலசுப்பிரமணியம் வந்தார்.
அந்த நீளத்துக்கே லேபிள் மூச்சு வாங்கி
முதற்பெயரை ஓர் எழுத்தோடு வெட்டியிருந்தது.
அதே வார்டில் இன்னொரு பாலசுப்பிரமணியம்.
உறவில்லை. இருவர் அப்பாக்களுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான்.
ஒருவர் கருணைராஜா, மற்றவர் குலேந்திரன்.
தமிழில் எழுதியிருந்தால் ஒரு சுழி காப்பாற்றியிருக்கும்.
இங்கே இருவரும் ஒரே 'கே'.

கருணைராஜா போன வருடக் குடலிறக்கச் சிகிச்சையில் ஓ.
இன்று குழாயில் ஏ.
மனம் மாறலாம், மதம் மாறலாம்.
இது மாறாது.

தொலைபேசியில் மிரெய் சலித்துக்கொண்டாள்.
இருபத்திரண்டு நோயாளிகளுக்கு அவள் ஒருத்தி.
மறுபடி எடுத்தாள். ஓ.

விடிந்ததும் படிவம் நிரப்பினோம்.
"என் பெயர் போடுவாயா?" என்றாள்.
பெயருக்கு அதில் இடமே இல்லை,
எப்படி நடந்தது என்பதற்குத்தான் ஒரு பக்கம்.
கடைசிப் பெட்டி, பாதிப்பு:
எதுவுமில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று
தேநீர் குடிக்கப் போய்விடுவது மனித வழக்கம்.
விழுந்த தலைப்பாகைகளை எண்ணுவதற்கென்று
பேர்னில் ஒரு மேசை இருக்கிறது.
லுகானோவில் ஒன்று, கூரில் ஒன்று, சியோனில் இரண்டு;
தனித்தனியே பார்த்தால் தூக்கக் கலக்கம்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது
குற்றம் மிரெய் அல்ல, லேபிள்.
ஒன்பது மாதத்தில் வரி நீண்டது.

இப்போது அந்த மேசையைக் கேட்கிறார்கள்:
செலவு இவ்வளவு, பலன் எங்கே?
பிழைத்தவர்களைக் காட்டு என்கிறார்கள்.

கனவான்களே, யாரைக் கூட்டி வருவது?
நேற்று ஐந்தாம் நம்பர் பஸ்ஸில்
பையில் லீக்ஸ் தண்டு நீட்டிக்கொண்டிருக்க
டிக்கெட் இயந்திரத்தோடு சண்டை பிடித்தார் ஒருவர்.
சில்லறையைத் துப்பிக்கொண்டே இருந்தது அது.
லேபிளில் படித்த அதே பெயர் அவர் அட்டையில்.
தான் பிழைத்தது அவருக்கே தெரியாது.
சொல்ல எனக்கு உரிமையில்லை.

மேசையை எடுத்துவிட்டால்
தவறுகள் குறைந்துவிட்டதாகத்தான் காட்டும் உங்கள் அறிக்கை.
எழுதாத ஊரில் ஏது பிழை.

என்னிடம் இரண்டு பிராங்க் நாணயம் இருந்தது.
கொடுத்தேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.
"பிள்ளை எந்த ஊர்?" என்றார்.
கைப்பிடியைப் பற்றிய அவர் புறங்கையில்
ஒரு நீல நரம்பு
ஓ, ஓ என்று போய்க்கொண்டிருந்தது.