ஜூனிப்பர் புதர்

யாக்கிமா கவுன்ட்டி நீதிமன்ற வாசலில்
என் கைப்பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்
திரும்பி வரவில்லை.
"கத்தி இருக்கு" என்றாள் காவல்காரி.
இருக்கிறது. மூன்று அங்குலம்.
நாள் முழுக்க ஆப்பிளைக் குறுக்கே பிளந்து
அயோடின் தடவி
பழுத்ததா, இன்னும் பொறுக்கலாமா என்று சொல்வது
என் வேலை.
"காரில் வைத்துவிட்டு வாங்க."
கார் பட்டறையில்.
"அப்படின்னா அங்கே"
சிரிக்காமல் குப்பைத்தொட்டியைக் காட்டினாள்.

எனக்குப் பின்னால் நின்றவன்,
புதுச் சட்டையில் பெட்டி மடிப்பு கலையாதவன்,
கழுவியும் குதிகாலில் தோட்டத்து மண் போகாதவன்,
வெளியே வா என்று தலையசைத்தான்.

படிக்கட்டுக்கு இடப்பக்கம் ஒரு ஜூனிப்பர் புதர்.
குந்தி உட்கார்ந்து கிளையை விலக்கினான்,
கோழி முட்டையிட்ட இடத்தைக் காட்டுகிறவன் மாதிரி.
உள்ளே மூன்று லைட்டர், ஊசிமூக்குக் குறடு,
கண்ணில் தெளிக்கிற மிளகுக் குப்பி,
அட்டைப்பெட்டி கிழிக்கும் பிளேடு.
ஊரே ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு
உள்ளே போயிருக்கிறது.
அவனுடையது ஒட்டுக்கட்டும் கத்தி,
பிடியில் நீல டேப்.
பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.
"எலிசேயோ" என்றான்.
"மங்கையர்க்கரசி" என்றேன்.
இரண்டாம் எழுத்தோடு கைவிட்டுச் சிரித்தான்.

இந்த முறை பெட்டி என் பையைத் திருப்பித் தந்தது.
அவன் பெல்ட் இன்னும் உள்ளேயே இருக்க
கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்றான்.

இரண்டாம் மாடி என்றார்கள்.
இரண்டாம் மாடியில், கீழ்த்தளம் என்றார்கள்.
திரும்பும்போது பெஞ்சில் அவனைப் பார்த்தேன்.
முழங்காலில் தொப்பி.
ஒரு வக்கீல் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்,
பாதி அவனிடம், பாதி கைக்கடிகாரத்திடம்.
கீழ்த்தளத்தில்
சாப்பாட்டு நேரம் என்றது ஓர் அட்டை.

ஒன்று ஐந்துக்குக் கண்ணாடி நகர்ந்தது.
முப்பத்தைந்தில் போக வேண்டிய தெருவில்
நாற்பத்தொன்பதில் போனவள் நான்.
தாளில் மூன்று கட்டங்கள்.
அபராதம் கட்டிவிடுகிறேன்.
நான் செய்யவில்லை.
செய்தேன், ஆனால் காரணம் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது கட்டத்தை
இதுவரை யாரும் எனக்கு வரைந்து தந்ததில்லை.
கல்யாணப் பதிவில் கிடையாது.
விவாகரத்துத் தாளிலும் தேடிப் பார்த்திருக்கிறேன்.
காகிதம் கிழிகிற அழுத்தத்தில் டிக் போட்டு
வாயைத் திறந்தேன்.
"இப்போ வேண்டாம்" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்,
"நவம்பர் பதினாலு, காலை ஒன்பது மணி,
நீதிபதிகிட்ட சொல்லுங்க."
இப்போது செப்டம்பர்.
ஆப்பிள் அதுவரை தாங்கும்,
குளிரறையில், காற்றைக் குறைத்து வைத்தால்.
காரணம் எத்தனை நாள் தாங்கும்?

வெளியே வந்தபோது இரண்டேகால்.
புதரில் குறடு இல்லை, குப்பி இல்லை, பிளேடு இல்லை.
ஒரு மஞ்சள் லைட்டர்,
என் கத்தி,
நீல டேப்.

ஒரு பேருந்தை விட்டேன்.
அப்புறம் இன்னொன்றை.
நாலரைக்குக் கதவைச் சாத்த வந்த காவல்காரியிடம்
அடையாளம் சொன்னேன்:
புதுச் சட்டை, கழுவிய பூட்ஸ்.
"எல்லாரும் வந்த வழியாப் போறதில்ல, மேடம்."
அவள் கண் கட்டடத்தின் பின்பக்கம் போய் வந்தது.
அங்கே ஜன்னல் இல்லாத ஒரு வேன்
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நின்றது.
பிறகு அவள் குனிந்தாள்,
பழகிய கையால் கிளையை விலக்கி
தன் மஞ்சள் லைட்டரை எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை புதரைக் கத்தரிக்க ஆள் வருவான்"
என்றாள், புகையை வேறு பக்கம் விட்டு.
இன்று புதன்.

அவன் கத்தியை ஆப்பிள் பையில் சுற்றி
தண்ணீர் தெளித்தாலும் நனையாதபடி ஆழத்தில் தள்ளினேன்.
வெளியே எடுத்தேன்.
மறுபடி தள்ளினேன்.
கை முழுக்க ஜூனிப்பர் கீறல்.
ஐந்து மணிப் பேருந்து
முனையில் திரும்பிக்கொண்டிருக்கிறது.