எருமைக்கு அடியில்

கோரிப்பாளையத்தில் மருந்துக்கடை மாடி.
படுத்துக்கொண்டு பேச மஞ்சமெல்லாம் இல்லை என்னிடம்;
ரெக்சின் கிழிந்த பெஞ்சு ஒன்று,
அதிலும் அவர் உட்கார மாட்டார்.
ஜன்னலோரம் நின்றபடியே பேசுவார் குபேந்திரன்,
பெயரை மாற்றியிருக்கிறேன், எருமையை மாற்றவில்லை,
வியாழன்தோறும் ஆறரைக்கு,
கீழே கொத்துப் பரோட்டா தட்டும் சத்தத்துக்கு நடுவே.

இரண்டு வருடத்தில் முப்பத்தோரு படம்.
எல்லாம் வைகை.
தண்ணீர் இல்லாத, அல்லது
தண்ணீர் என்று சொல்லக் கூசுகிற வைகை.
ஆகாயத்தாமரை. காயப்போட்ட ஆஸ்பத்திரிப் போர்வைகள்.
யானைக்கல் பாலத்தின் ஒரு கால்.
எல்லாவற்றிலும்
வலது மூலைக்குச் சற்று மேலே
ஓர் எருமை, நமக்கு முதுகைக் காட்டி.

"ஏன் திரும்பிப் பார்ப்பதே இல்லை?"
"அங்கிட்டுத்தான புல்லு கிடக்கு டாக்டரம்மா."

விடுவேனா நான்.
படித்த படிப்பு அப்படி. தோண்டினேன்.
ஏழு வயதில் ஒரு மழைக்காலம்.
ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.
தறி முதலாளியிடம் கடனுக்குத் தவணை கேட்க
தரைப்பாலத்தில் இறங்கிப் போகிறார் அப்பா.
சட்டையில்லாத, நனைந்த, கறுத்த முதுகு.
செல்லூர்க் கரையில் பையன்.

போதாதா?
முதுகு, தந்தை என்று நோட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.
தலைகீழாகவே அதைப் படித்துவிட்டு
அவர் சொன்னார்:
"அப்பா கீழதான் நிக்கிறாரு.
பார்சலுக்கு. கூப்பிடவா?"

எட்டிப் பார்த்தேன்.
எழுபது வயது. ஹெல்மெட்டைக் கழற்றாமல்
இன்னொரு பாக்கெட் சால்னாவுக்குச்
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழன் கனவைப் பிடித்தேன்.
கனவில் எருமைக்கு என்ன பெயர்?
வீட்டு மொழியில் ஒரு சொல் சொன்னார், சௌராஷ்டிரத்தில்.
முதல் எழுத்துக்குள் ஒரு மூச்சு இருந்தது.
எழுதப் போனேன், தமிழில் அதற்கு எழுத்தில்லை.
திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.
மூச்சு பேனாவில் ஏறவில்லை.
இத்தனை நாள் நான் கேட்டதெல்லாம்
மொழிபெயர்ப்பு என்று
அன்றைக்குத்தான் உறைத்தது.

புறப்படும்போது, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே,
கரண்டு பில் கட்டியதைச் சொல்வதுபோல் சொன்னார்:
"மொதல்ல எருமை இருக்காது.
ஒரு ஆளத்தான் வரைவேன்.
முகம் சரியா வந்துருச்சுன்னு வைங்க,
பார்க்க முடியல என்னால.
அதான் மேல எருமைய நிறுத்திருவேன்.
வராத முகத்த துணியால தொடச்சுருவேன்,
அதுக்கு எதுக்கு எருமை?"

யார் யார் என்று நான் கேட்கவில்லை.
கேட்பதற்குத்தான் காசு வாங்குகிறேன், ஆனாலும் கேட்கவில்லை.
அவரே எண்ணினார். ஒருத்தி, மூன்று முறை.
செத்துப்போன தங்கச்சி.
ஒரு பஸ் கண்டக்டர், ஏன் என்று தெரியாதாம்.
"அப்பா?"
"அப்பா முகம் இன்னும் வரல.
நாப்பது தடவ தொடச்சாச்சு."

படி இறங்கும்போது,
பாதிப் படியில் நின்று, திரும்பாமல்:
"கடைசிப் படத்துல நீங்க."

அது என் நாற்காலிக்கு எதிரே தொங்குகிறது.
மூன்று மாத ஃபீஸுக்குப் பதிலாகத் தந்தது.
பெயின்ட் கனத்து, மே மாதத்துக் கண்மாய்போல வெடித்திருக்கிறது.
நகம் பட்டால் ஒரு சில்லு பெயரும்.

நேற்று கிளினிக்கைப் பூட்டிவிட்டு
மறுபடி திறந்தேன்.
லைட் போடவில்லை. தெருவிளக்கு போதுமாயிருந்தது.
நகத்தை வைத்தேன்.
எடுத்தேன்.

முகம் வேண்டாம்.
சரியாக வந்த முகத்தைப் பார்க்க
என்னாலும் ஆகாது.
அந்தக் கறுப்புக்கு அடியில்
எந்தச் சேலை கட்டியிருக்கிறேன் என்று மட்டும்
யாராவது சொன்னால் போதும்.